எடை குறைப்பு ஊசி: குப்பியில் இருப்பது என்ன, சிரிஞ்சில் ஏறுவது எவ்வளவு?

"மூணே மாசத்துல 15 கிலோ குறைச்சேன்." "டயட் வேண்டாம், ஜிம் வேண்டாம், வாரம் ஒரு ஊசி போதும்." போனைத் திறந்தால் இப்படி ஒரு ரீல்ஸ் கண்ணில் படாத நாள் இல்லை. அதற்குக் கீழே ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கும். மெசேஜ் போட்டால் விலைப் பட்டியல் வரும். "அதே மருந்துதான் சார், கம்பெனி லேபிள் மட்டும் இருக்காது. பாதி விலை" என்று பதில் வரும்.

அதே மருந்துதானா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அமெரிக்கா வரை போக வேண்டியிருக்கிறது. "கம்பெனி லேபிள் இல்லாத" எடை குறைப்பு ஊசி முதலில் பெரிய அளவில் விற்பனையானது அங்கேதான். பாதிப்புகள் பதிவானதும் அங்கேதான்.

முதலில் மருந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இப்போது பேசப்படும் ஊசிகள் பெரும்பாலும் இரண்டே மருந்துகளைச் சுற்றித்தான். ஒன்று செமாக்ளூடைடு, ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் வருகிறது. இன்னொன்று டிர்செபடைடு, நம் நாட்டில் மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. வெகோவி அதே ஆண்டு ஜூன் மாதம் வந்தது. சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போலவே இவை வேலை செய்கின்றன. வயிறு காலியாகும் வேகம் குறையும், 'போதும்' என்ற உணர்வு மூளைக்குச் சீக்கிரம் போகும், ரத்தச் சர்க்கரையும் கட்டுப்படும். செமாக்ளூடைடு 2.4 மில்லிகிராம் அளவில் 68 வாரம் எடுத்துக்கொண்டவர்களுக்கு உடல் எடையில் சராசரியாக 15 சதவீதம் குறைந்ததாகப் பெரிய ஆய்வில் தெரியவந்தது. ஆக, மருந்து வேலை செய்யும் மருந்துதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

தேவையும் பொய்யல்ல. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்கள் 25 கோடிக்கும் மேல். இதில் பலருக்கு எடை குறைவது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மூட்டு வலி, மூச்சு வாங்குதல், இதயம் என்று உயிரோடு சம்பந்தப்பட்டது.

விலைதான் பிரச்சினை. மௌஞ்சாரோவின் அறிமுக விலை 2.5 மி.கி. குப்பிக்கு 3,500 ரூபாய், 5 மி.கி. குப்பிக்கு 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு இது வீட்டு வாடகை. "பாதி விலை" என்ற மெசேஜ் எடுபடுவது இதனால்தான்.

கம்பவுண்டர் கலந்த மிக்சர்

நம் ஊரில் 'கம்பவுண்டர்' என்ற சொல்லைத் தெரியாத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். டாக்டர் சீட்டு எழுதுவார். உள்ளே இருக்கும் கம்பவுண்டர் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து, கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, பக்கவாட்டில் அளவு வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு ஒரு கட்டம். கலந்து கொடுப்பவர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் 'காம்பவுண்டிங்' என்று சொல்வதும் இதே வேலையைத்தான்.

அங்கே இதற்குச் சட்டப்படி இடமிருக்கிறது. கம்பெனி மாத்திரையில் உள்ள ஒரு சாயம் ஒருவருக்கு ஒவ்வாமை என்றால், அந்தச் சாயம் இல்லாமல் மருந்தகத்தில் தயாரித்துத் தரலாம். மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்குத் திரவமாக மாற்றித் தரலாம். ஒரு நோயாளிக்கு, ஒரு மருத்துவர் சீட்டின் பேரில் செய்து தருவது. நல்ல விஷயம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்படிக் கலந்து தரும் மருந்துக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடையாது. கம்பெனி மருந்து சந்தைக்கு வரும் முன் அதன் பாதுகாப்பு, பலன், தரம் மூன்றையும் அந்த அமைப்பு பரிசோதிக்கும். கலந்து தரும் மருந்துக்கு அந்தப் பரிசோதனை நடப்பதில்லை. இருமல் மிக்சர் என்றால் ஏதோ போகட்டும் என்று விடலாம். ஊசி அப்படியல்ல. வாய் வழியாகப் போவதை வயிற்று அமிலம் ஓரளவு வடிகட்டும். ஊசியில் போவது நேராக உடம்புக்குள் போகிறது. கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும்.

இது கற்பனை பயம் இல்லை. 2012-ல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஒரு காம்பவுண்டிங் மருந்தகம் தயாரித்த முதுகுவலி ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்துவிட்டது. அந்த ஊசி 20 மாநிலங்களில் ஆட்களைப் பாதித்தது. 750-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, 64 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் 2013-ல் அந்த நாட்டில் சட்டம் கடுமையாக்கப்பட்டு, மொத்தமாகத் தயாரிக்கும் காம்பவுண்டிங் கூடங்களுக்குத் தனி விதிகள் வந்தன.

தட்டுப்பாடு திறந்துவிட்ட கதவு

2022-ல் அமெரிக்காவில் செமாக்ளூடைடுக்கும், அந்த ஆண்டு இறுதியில் டிர்செபடைடுக்கும் தட்டுப்பாடு வந்தது. கேட்பவர்கள் அதிகம், கம்பெனி தயாரிப்பது குறைவு. தட்டுப்பாட்டுப் பட்டியலில் ஒரு மருந்து இருக்கும் வரை, அதே போன்ற மருந்தை மருந்தகங்கள் கலந்து தரலாம் என்பது அங்குள்ள விதி. கதவு திறந்ததும் கூட்டம் உள்ளே வந்தது. ஆன்லைன் மருத்துவ நிறுவனங்கள், அழகு நிலையங்களோடு சேர்ந்த கிளினிக்குகள் எல்லாம் குப்பியில் அடைத்த செமாக்ளூடைடை வீட்டுக்கே அனுப்பின.

டிர்செபடைடு தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்று 2024 டிசம்பரிலும், செமாக்ளூடைடு தட்டுப்பாடு தீர்ந்துவிட்டது என்று 2025 பிப்ரவரியிலும் எஃப்.டி.ஏ. உறுதி செய்தது. மருந்தகங்களுக்குச் சில வாரங்கள் அவகாசம் தரப்பட்டது; 2025 மே மாதத்தோடு அதுவும் முடிந்தது. ஆனால் விற்பனை அதோடு நிற்கவில்லை. 'வைட்டமின் பி12 சேர்த்தது', 'உங்களுக்காகவே தனியாகத் தயாரித்தது' என்ற பெயர்களில் தொடர்ந்தது. அப்படிச் சேர்ப்பதால் மருந்தின் பாதுகாப்போ பலனோ மாறுகிறதா என்று யாரும் பரிசோதித்துக் காட்டவில்லை.

2025 ஜூலை மாத இறுதி வரை, கலந்து தயாரித்த செமாக்ளூடைடு தொடர்பாக 605 பாதிப்புப் புகார்களும், டிர்செபடைடு தொடர்பாக 545 புகார்களும் எஃப்.டி.ஏ.வுக்கு வந்திருந்தன. எல்லாமே அந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபணம் ஆனவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே சமயம், காம்பவுண்டிங் மருந்தகங்களில் பலவற்றுக்குப் பாதிப்பைத் தெரிவிக்கும் கட்டாயமே கிடையாது. எனவே இது முழு எண்ணிக்கை இல்லை.

பத்து மடங்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

கம்பெனி தயாரிக்கும் ஊசி பெரும்பாலும் பேனா வடிவில் வரும். எவ்வளவு ஏற வேண்டும் என்பது பேனாவிலேயே குறிக்கப்பட்டிருக்கும். குப்பியில் வந்தாலும், இந்தியாவில் விற்கும் மௌஞ்சாரோ குப்பியைப் போல, ஒரு குப்பி ஒரு வேளை. அதில் 0.5 மி.லி. மருந்து. முழுவதையும் எடுத்துப் போட்டால் கணக்கு முடிந்தது.

கலந்து தரும் மருந்து அப்படியல்ல. ஒரே குப்பியில் பல வார மருந்து இருக்கும். எத்தனை மில்லிகிராம் வேண்டுமோ அதை நீங்களே சிரிஞ்சில் அளந்து எடுக்க வேண்டும். மருத்துவர் மில்லிகிராமில் சொல்வார். குப்பியில் மில்லிலிட்டர் இருக்கும். கையில் இருப்பதோ இன்சுலின் சிரிஞ்ச். அதில் கோடுகள் யூனிட்டில் இருக்கும். மூன்று அளவுகள், மூன்று மொழிகள் மாதிரி.

ஒரு கணக்குப் போடுவோம். குப்பியில் ஒரு மி.லி.க்கு 5 மி.கி. செமாக்ளூடைடு இருக்கிறது என்று வையுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு 0.25 மி.கி. போட வேண்டும். அதாவது 0.05 மி.லி. 100 யூனிட் சிரிஞ்சில் 100 கோடு சேர்ந்தால் ஒரு மி.லி.; ஆகவே 0.05 மி.லி. என்பது 5 யூனிட். சிரிஞ்சின் அடியில் ஒரு துளி. முதன்முறை ஊசி போடுபவர் அதைப் பார்த்து, "இவ்வளவு கொஞ்சமாவா இருக்கும்? 0.25-ன்னா 25 கோடு போல" என்று நினைத்து 25 வரை இழுத்தால், ஏறுவது 1.25 மி.கி. ஐந்து மடங்கு. 50 வரை இழுத்தால் 2.5 மி.கி. பத்து மடங்கு. வெகோவி எடுப்பவர்கள் நான்கு மாதம் படிப்படியாக ஏற்றி, 17-ஆவது வாரத்தில் தொடும் 2.4 மி.கி. அளவையும் இது தாண்டிவிட்டது. அதுவும் முதல் ஊசியிலேயே.

2024 ஜூலையில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கையில் இப்படிப்பட்ட சம்பவங்கள்தான் இருக்கின்றன. சிலர் போட வேண்டியதைவிட 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பலருக்குச் சிரிஞ்சில் அளந்து ஊசி போட்ட அனுபவமே அதற்கு முன் இல்லை. சரி, பொதுமக்கள்தான் தவறு செய்தார்கள் என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஒரு மருத்துவப் பணியாளர் 2 யூனிட் என்று எழுத வேண்டிய இடத்தில் 20 யூனிட் என்று எழுதி, மூன்று பேர் பத்து மடங்கு மருந்தை எடுத்துக்கொண்டு வாந்தியில் துவண்டிருக்கிறார்கள். இன்னொரு மருத்துவப் பணியாளர் தனக்குத்தானே கணக்குப் போட்டு, பத்து மடங்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். தினமும் ஊசியோடு புழங்குபவர்களுக்கே இந்தக் குழப்பம் வருகிறது.

ஒரு மருந்தகத்தின் குப்பிக்கும் அடுத்த மருந்தகத்தின் குப்பிக்கும் அடர்த்தி வேறாக இருக்கும் என்பது அடுத்த சிக்கல். போன மாதம் 10 யூனிட் சரியாக இருந்தது, இந்த மாதம் வேறு இடத்தில் வாங்கிய குப்பியில் அதே 10 யூனிட் இரண்டு மடங்காக இருக்கலாம்.

நம் நாட்டில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே இரண்டு விதமான இன்சுலின் சிரிஞ்ச் கடைகளில் கிடைக்கிறது. சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் வகை. அதாவது 40 கோடு சேர்ந்தால் ஒரு மி.லி. ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் வகை. அமெரிக்க வீடியோவில் "5 யூனிட் போடுங்கள்" என்று சொன்னால் அது 100 யூனிட் சிரிஞ்சுக்கான கணக்கு. வீட்டில் அப்பாவின் இன்சுலினுக்காக வைத்திருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 5 யூனிட் எடுத்தால், 0.05-க்குப் பதில் 0.125 மி.லி. ஏறும். இரண்டரை மடங்கு. கோட்டை ஒழுங்காகத்தான் பார்த்திருப்பீர்கள், எண்ணிலும் பிழை இருக்காது. ஆனாலும் அளவு தப்பு.

அளவு அதிகமானால் என்ன ஆகும்? குமட்டல், நிற்காத வாந்தி, வயிற்று வலி, தலைசுற்றி மயக்கம், உடலில் நீர் வற்றுதல். சிலருக்குக் கணைய அழற்சி, பித்தப்பைக் கல். சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கவும் வாய்ப்புண்டு. இதைவிட முக்கியம், செமாக்ளூடைடு உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். "காலையில சரியாயிடும்" என்று காத்திருக்கும் விஷயம் இல்லை. கண்காணிப்பு பல நாட்களுக்குத் தேவைப்படலாம்.

குப்பிக்குள் இருப்பது எது?

அளவு சரியாக இருந்தாலும், உள்ளே இருப்பது அதே மருந்துதானா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

சில மருந்தகங்கள் செமாக்ளூடைடு சோடியம், செமாக்ளூடைடு அசிடேட் என்ற உப்பு வடிவங்களைப் பயன்படுத்தியதாக எஃப்.டி.ஏ. சொல்லியிருக்கிறது. ஒப்புதல் பெற்ற மருந்தில் இருப்பது இவை அல்ல. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்று என்று ஆகிவிடாது. இன்னும் சில குப்பிகளில் ஒட்டியிருந்த லேபிளில் உள்ள மருந்தகத்தை விசாரித்தால், "நாங்கள் இதைத் தயாரிக்கவே இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. ஐஸ் பேக் உருகி, சூடாக வந்து சேர்ந்த பார்சல்கள் பற்றியும் புகார்கள் உண்டு. இந்த ஊசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. வெளியே வைப்பதற்குச் சில வாரங்கள் வரை வரம்பு உண்டு, அதுவும் 30 டிகிரிக்குள். மே மாதத்து வேலூர் வெயிலில், டெலிவரி பைக் பெட்டியில் அரை நாள் சுற்றிய குப்பியை நினைத்துப் பாருங்கள். கெட்டுப்போன மருந்து பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம்.

'ரிசர்ச் பெப்டைடு' என்ற பெயரில் விற்பது இன்னும் மோசம். வெள்ளைப் பொடியாகச் சின்னக் குப்பியில் வரும், கலக்கத் தனியாகத் தண்ணீர் வரும். லேபிளில் பொடி எழுத்தில் 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருக்கும். அதே விற்பனையாளர் எவ்வளவு போட வேண்டும் என்று வீடியோவும் அனுப்புவார்! ரெட்டாட்ரூடைடு என்ற, இன்னும் ஆய்வுக் கட்டத்தில் இருந்த மருந்துகூட இப்படித்தான் இணையத்தில் விலைக்கு வந்தது.

போலி என்பது தனிக் கதை. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் ஓசெம்பிக் என்று நம்பி ஊசி போட்ட சிலர் சர்க்கரை இறங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உள்ளே இன்சுலின் இருந்திருக்கும் என்று அந்த நாட்டு அதிகாரிகள் சந்தேகித்தார்கள். பிரேசில், பிரிட்டன், அமெரிக்காவில் பிடிபட்ட போலி ஓசெம்பிக் பற்றி 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது.

நம்ம ஊரில் விதி என்ன?

இந்தியாவில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-லிருந்து இருக்கிறது. விற்பனைக்காக மருந்து தயாரிக்க வேண்டும் என்றால் உற்பத்தி உரிமம் வேண்டும். ஊசி மருந்தைக் குப்பியில் அடைத்து, லேபிள் இல்லாமல் கூரியரில் அனுப்புவதற்கு எந்த உரிமமும் இல்லை. அமெரிக்காவில் இருந்த 'தட்டுப்பாட்டுக் கால' அனுமதி நமக்குப் பொருந்தாது. "அங்க லீகல் மேடம்" என்று சொல்லி யாராவது விற்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

எடையைக் குறைத்துக் காட்டுவோம் என்ற விளம்பரமும் சட்டச் சிக்கல்தான். 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டத்தில், 'இந்த நோயைக் குணப்படுத்துவோம்' என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. 70 வருடப் பழைய சட்டம், இன்றைய ரீல்ஸுக்கும் பொருந்துகிறது!

விலைக்காகத்தான் கலப்பு மருந்தைத் தேடுகிறீர்கள் என்றால் ஒரு தகவல். இந்தியாவில் செமாக்ளூடைடின் முக்கியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். காப்புரிமை முடிந்தால் உரிமம் பெற்ற இந்திய நிறுவனங்களே அந்த மருந்தைத் தயாரிக்கலாம். அப்படி வரும் ஜெனரிக் மருந்தையும் கலந்து தரும் மருந்தையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ஜெனரிக் மருந்துக்கு ஒழுங்குமுறை ஒப்புதல் உண்டு, உற்பத்தி உரிமம் உண்டு, பேட்ச் எண் உண்டு. வாட்ஸ்அப் குப்பிக்கு மூன்றும் இல்லை.

கடையில் வாங்கும்போது அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர், மொத்த அளவு, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, அதிகபட்ச விலை, உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். வெளிநாட்டு மருந்து என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்கும். பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் உள்ளே உள்ள பேனா அல்லது குப்பியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு முறை ஒப்பிடுங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள், அதில் பேட்ச் எண் இருக்கட்டும். பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தராத கடையில் வாங்க வேண்டாம். போனிலேயே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது ஆனால் மருத்துவருக்கும் உதவும், புகாருக்கும் உதவும்.

ஆன்லைன் ஆலோசனை பற்றியும் சொல்ல வேண்டும். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த தொலை மருத்துவ வழிகாட்டுதலின்படி, மருத்துவர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் மறைக்கக் கூடாது. இதுபோன்ற சீட்டு மருந்தை முதல் ஆலோசனையிலேயே எழுத வேண்டும் என்றால் வீடியோவில் பார்த்திருக்க வேண்டும். உயரம், எடை கேட்டு நாலு மெசேஜில் 'பிரிஸ்கிரிப்ஷன் ரெடி' என்று வந்தால், அது அந்த விதிக்குள் வராது. மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் சூட்கேஸில் கொண்டுவரும் குப்பி பற்றிச் சிலர் கேட்பதுண்டு. பாசத்தில் வாங்கி வருகிறார்கள், புரிகிறது. ஆனால் அது அவருக்கென்று எழுதப்பட்ட மருந்தா, கம்பெனி பேனாவா, கலந்து தந்த குப்பியா என்று முதலில் பாருங்கள். இங்குள்ள மருத்துவரிடம் காட்டாமல் முதல் ஊசி வேண்டாம்.

மருத்துவரிடம் இதை மறைக்காதீர்கள்

எல்லாருக்குமான மருந்து இல்லை இது. பொதுவாக உடல் நிறை குறியீட்டு எண் 30-க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27-க்கு மேல் இருந்து ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கும்தான் எடைக்காக இதைப் பரிந்துரைக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் நாலு கிலோ குறைக்க இதை எடுப்பது பீரங்கி வைத்துக் கொசு அடிக்கிற கதை.

குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்த மருந்து கூடாது. கணைய அழற்சி வந்திருந்தால் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம், அந்த மருந்துகளின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லியே ஆக வேண்டும். வயிறு மெதுவாகக் காலியாவதால், இரவு முழுக்கப் பட்டினி இருந்தாலும் உள்ளே உணவு இருக்கலாம். மயக்க நிலையில் அது மூச்சுக் குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு.

பெண்களுக்கு இரண்டு தகவல். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் செமாக்ளூடைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு எடுக்கும்போது கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம் என்பதால், தொடங்கிய பின் நான்கு வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் வேறு கருத்தடை முறை தேவை. வாட்ஸ்அப் விற்பனையாளர் இதையெல்லாம் கேட்டதாக எங்கும் கேள்விப்படவில்லை.

இன்னொரு பழக்கமும் பரவுகிறது. ஒரு பேனாவை அக்காவும் தங்கையும் பகிர்ந்துகொள்வது. ஊசி முனையை மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. பேனாவுக்குள் ரத்தம் திரும்பிப் போக வாய்ப்புண்டு, மஞ்சள் காமாலை போன்ற தொற்று அப்படிப் பரவலாம். ஒரு வேளைக்கான குப்பியை இரண்டாகப் பிரித்துப் பாதியை அடுத்த வாரத்துக்கு வைப்பதும் இதே மாதிரிதான். ஒரு முறை ஊசி குத்திய குப்பி, பிரிட்ஜில் இருந்தாலும் பாதுகாப்பில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். செமாக்ளூடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக ஆய்வு சொல்கிறது. "மூணு மாச கோர்ஸ்" என்று விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா?

லேபிள் இல்லாத ஊசியைப் போட்டுவிட்டு, இப்போது வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூட தங்கவில்லை, வயிற்று வலி முதுகு வரை பரவுகிறது, கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். சுயநினைவோடு இருந்து, விழுங்க முடிந்தால், சர்க்கரை இறங்கிய அறிகுறிக்கு இனிப்புப் பானம் கொடுக்கலாம். மயங்கிய நிலையில் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது குப்பி, சிரிஞ்ச், பில், மெசேஜ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எந்த சிரிஞ்சில் எந்தக் கோடு வரை எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், என்ன ஏறியிருக்கிறது என்று தெரியாமலேயே மருத்துவர் சிகிச்சை பார்க்க வேண்டியிருக்கும்.

அவசரம் இல்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசலாம். பக்கவிளைவை மருந்து கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். மருத்துவர்தான் தெரிவிக்க வேண்டும் என்பதில்லை. போலியோ, உரிமம் இல்லாத விற்பனையோ என்று தோன்றினால், உங்கள் மாவட்டத்தில் உள்ள மருந்து ஆய்வாளர் அலுவலகத்திலோ, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருந்து கட்டுப்பாட்டுத் துறை தலைமை அலுவலகத்திலோ புகார் தரலாம். பணம் கட்டியும் பார்சல் வரவில்லை என்றால் அது சைபர் மோசடி, 1930-க்கு உடனே அழையுங்கள். புகார் முடியும் வரை குப்பியை அதன் பெட்டியோடு பிரிட்ஜில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், அந்தச் சாட்டையும் டெலிட் செய்ய வேண்டாம்.